நின்றபடியே காய்ந்த வேம்பு

பட்டறைக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம், மின்பெட்டிக்கு மேலே ஒரு வேப்பம்பலகை தொங்குகிறது. நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. சேர்ந்த முதல் நாளே நீங்கள் மூவரும் அது எதற்கு என்று கேட்டீர்கள். தாஸ் அண்ணன், "அத்த தொடாத, தொட்டா கை கழுவு" என்று மட்டும் சொல்லிவிட்டு இழைப்பைத் தொடர்ந்தார். அவர் அதற்கு மேல் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டியவள் நான்.

மரத்தூசி என் மூச்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் போன மாதத்தோடு பட்டறை வேலையை விட்டுவிட்டேன். போவதற்கு முன் உங்களை உட்காரவைத்துச் சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு முறை ஆரம்பித்தேன். பாதியில் பேச்சை மாற்றிவிட்டேன். மூன்று வருடம் ஆன பிறகும் அப்படித்தான். அதனால் எழுதுகிறேன்.

எந்த உளியை எப்படிப் பிடிப்பது, எண்ணெய் எத்தனை முறை ஏற்றுவது என்பதையெல்லாம் அண்ணன் காட்டுவார். கையால் காய் நறுக்கும் பலகை செய்வதில் அவருக்கு மேல் நான் யாரையும் பார்த்ததில்லை. நான் இந்த வேலைக்கு வந்ததே வேறு வழியில். பதினோரு வருடம் பள்ளியில் அறிவியல் டீச்சர். என் மகள் ஜெனி சின்ன வயதில் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் கிடந்ததால் பள்ளியை விட்டேன். வீட்டுக்குப் பின்தெருவிலேயே இருந்த இந்த மந்தைவெளிப் பட்டறையில் வாடிக்கையாளர்களிடம் பேசவும் கணக்கு வழக்கு பார்க்கவும் சேர்ந்து, ஒரு வருடத்தில் உப்புக்காகிதமும் கையுமாக ஆகிவிட்டேன். அண்ணனுக்கு இன்றுவரை நான் "டீச்சர்"தான்.

நம் வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரியும். புதிதாக ஒரு மரம் வந்தால் அதில் செய்யும் முதல் பலகை விற்பனைக்குப் போகாது. நம்மில் ஒருவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வாரம் புழங்க வேண்டும். வளைகிறதா, வாடை வருகிறதா, பீட்ரூட் கறை போகிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் கொண்டுவந்தவள் நான்தான். ஆரம்ப காலத்தில் அடையாற்றில் ஒரு வீட்டுக்குக் கொடுத்த பலகை பத்தே நாளில் வளைந்துபோய், அந்த அம்மா அதை எங்கள் மேசைமேல் வைத்து ஒரு விரலால் ஆட்டிக் காட்டி, "இதுல காய் நறுக்கணுமா, இல்ல மீன் புடிக்கப் போகணுமா?" என்று கேட்டார். அண்ணன் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அந்த வெட்கத்தில் பிறந்த வழக்கம் இது. பின்னால் இதை நினைத்து என்னை நானே எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

மூன்று கோடைக்கு முன் தியாகராய நகரிலிருந்து ஒரு மாமி போன் செய்தார். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் தனி வீடு. இரண்டு பக்கமும் கடைக் கட்டடங்கள் எழும்பிவிட, நடுவில் அந்த ஒரு வீடும் அதன் வாசலில் ஒரு வேப்பமரமும் மட்டும் மிச்சமிருந்தன. மாமி பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவர். அவர் கணவருக்கு அறுபது நிறையப்போகிறது. அறுபதாம் கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு வாசல் வேம்பில் செய்த பலகை ஒவ்வொன்று கொடுக்க வேண்டும். முப்பது பலகை.

"மரம் போயிடுத்தும்மா. பட்டுன்னு காஞ்சு போயிடுத்து. என் கொழந்தேள் ரெண்டும் அதுல ஊஞ்சல் கட்டி ஆடினதுகள். வெறகாப் போகப்படாது" என்றார். பிறகு அவரே சிரித்தார். "எனக்கு அருவாமணைதான். நின்னுண்டு நறுக்க எனக்கு வராது. போர்டெல்லாம் அதுகளுக்கு."

மாநகராட்சி ஆட்கள் பட்ட மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். நானும் அண்ணனும் ஒரு சின்ன வண்டியோடு போனோம். அண்ணன் கட்டையைத் தட்டிப் பார்த்து, "சூப்பர் டீச்சர். நின்னுக்கினே காஞ்சிருக்கு. நமக்குக் காய வெக்கிற வேலையே இல்ல" என்றார். நின்றபடியே காய்ந்த மரம் நமக்கு எப்படிப்பட்ட வரம் என்று உங்களுக்கும் தெரியும். பல மாதக் காத்திருப்பு மிச்சம். அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். மாமியின் கணவரிடம், "எப்படி சார் காஞ்சுது?" என்றேன்.

"தானா காஞ்சுடுத்து" என்றார்.

நான் தலையாட்டினேன். பதினோரு வருடம் "ஏன், எப்படி" என்று பிள்ளைகளைக் குடைந்தவள், அந்தப் பதிலை வாங்கி முடிந்துகொண்டேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அடிக்கட்டையை வண்டியில் ஏற்றும்போது கிட்டே வந்து, "அந்தக் கீழ் பாகத்த விட்டுடுங்கோளேன். பூச்சி அரிச்சிருக்கும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "வேப்ப மரத்துலயா சார்? வேம்புல எங்க பூச்சி வரும்? அதுதான் நல்ல கட்டை" என்று அவருக்கே பாடம் எடுத்தேன். அவர் உள்ளே போய்விட்டார். வேம்பைப் பற்றி நான் சொன்னது சரிதான். அதில் பூச்சி வராது. வராத பூச்சியை ஒருவர் ஏன் சொல்கிறார் என்றுதான் நான் யோசித்திருக்க வேண்டும். மரத்தைப் பற்றித் தெரிந்திருந்த பெருமையில் மனிதரைப் பார்க்காமல் விட்டேன். வண்டி கிளம்பும்போது மாமி ஓடி வந்து, அடிக்கட்டையிலிருந்து தட்டுபோல வட்டமாக ஒரு வில்லை அறுத்துத் தரச் சொன்னார். சமையலறையில் குடிதண்ணீர்ப் பானைக்கு அடியில் வைக்க. "மரம் கொஞ்சமாவது ஆத்தோட இருக்கட்டும்" என்றார். அண்ணன் அங்கேயே அறுத்துக் கொடுத்தார்.

பட்டறையில் கட்டையை முதலில் பிளந்தபோது இருவரும் வாய் பிளந்தோம். வேம்பின் நிறத்துக்கு நடுவே, கீழிருந்து மேலாகக் கருநீலமும் பழுப்புமாகக் கோடுகள் ஓடின. ஆற்றை மேலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது.

"இன்னா டீச்சர் இது, வேம்பா மயிலா? கோடு கோடா கீது. நான் இப்டி பாத்ததே இல்ல" என்றார் அண்ணன். அவர் குரலில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. நான்தான் அதை அமுக்கினேன். "இருக்கட்டும் அண்ணே. இந்த மாதிரி ஒண்ணு கிடைக்குமான்னு ஜனங்க தவம் இருக்காங்க" என்றேன். இருந்ததில் அதிகக் கோடு விழுந்த துண்டாகப் பார்த்து முதல் பலகையைச் செய்யச் சொன்னேன். வழக்கப்படி வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

ஜெனிக்கு அப்போது பதினொரு வயது. பலகை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மாம்பழம், வெள்ளரிக்காய், கொய்யா என்று திங்கள்கிழமையிலிருந்து அவளே நறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். நறுக்கி முடித்ததும் பலகையில் தேங்கிய மாம்பழச் சாற்றை விரலால் வழித்து நக்குவாள். நான் திட்டுவேன். அது வேறு காரணத்துக்காக.

வியாழன் சாயங்காலம் வாந்தி எடுத்தாள். முந்தின நாள் பெசன்ட் நகர் பீச்சில் பஜ்ஜி சாப்பிட்டிருந்தாள். அதுதான் என்று நானும் என் கணவரும் முடிவு கட்டினோம். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தோம். வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் இரண்டு முறை. என் கணவர் லீவு போட்டுவிட்டு, "நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு சீக்கிரம் வா" என்றார். அறுபதாம் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. என் வீட்டிலிருந்ததோடு சேர்த்து இருபத்திரண்டு பலகை முடிந்திருந்தது.

நான் பட்டறைக்குள் நுழைந்தபோது மெஷின் ஓடவில்லை. அண்ணன் அடிக்கட்டையின் முன் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், இங்க வா. வாள் எதுலயோ மாட்டிச்சி."

மரப்பட்டைக்கு அடியில் சிமெண்ட். நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். அண்ணன் உளியால் நெம்பினார். உள்ளே சாய்வாகக் கீழ்நோக்கி இறங்கும் துளை. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. பின்பக்கம் மூன்றாவது. துளைகளை அடைத்து, மேலே அதே மரத்தின் பட்டையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மூன்று துளைகளிலிருந்தும் அந்த அழகான கோடுகள் புறப்பட்டு மேலே போயின.

"யாரோ மருந்து வெச்சிக்கீறாங்க" என்றார் அண்ணன். "அந்த ஏரியால கடக்காரங்க பண்ற வேலதான் இது. கட பேர் போர்ட மறைக்குதுன்னு ஊத்தி வுட்ருவானுங்கோ." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "டீச்சர்... அந்த மொத போர்டு..."

நான் வீட்டுக்குப் போன் செய்தேன். பலகையைத் தொடாதீர்கள், ஜெனியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்கு வாருங்கள் என்று சொன்னேன். என்ன சொன்னேன் என்பது என் கணவர் பிறகு சொல்லித்தான் எனக்கே தெரியும். காலில் செருப்பு இல்லாமல் ஓடியிருக்கிறேன்.

கிளினிக் டாக்டர் பல வருடமாக எங்களுக்குத் தெரிந்தவர். ஜெனியின் நாடியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"பஜ்ஜியாவும் இருக்கலாம். அந்த மருந்தாவும் இருக்கலாம். எந்த மருந்துன்னு சொல்லுங்க."

"தெரியாது டாக்டர்."

"ஆசிட்டா, பாதரசமா, பூச்சி மருந்தா, களைக்கொல்லியா? ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு வைத்தியம். பேர் தெரியாம நான் இருட்டுலதான் கல்லெறியணும். குழந்த இப்போதைக்குத் தெம்பா இருக்கா. இங்கயே டிரிப்ஸ் போட்டு வெச்சிருக்கேன். நீங்க போய் பேரக் கொண்டு வாங்க."

என் கணவர் நான் போகிறேன் என்றார். நான் விடவில்லை. "பூச்சி அரிச்சிருக்கும்" என்று ஒருவர் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்திருந்தது. பட்டறைக்குத் திரும்பினேன். அண்ணன் துளை இருந்த துண்டை மட்டும் அறுத்து, ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, காலடியில் போடவும் முடியவில்லை. வழி முழுக்க நீட்டிப் பிடித்துக்கொண்டே போனேன்.

மாமிதான் கதவைத் திறந்தார். "வாங்கோ வாங்கோ! போர்டெல்லாம் ஆயிடுத்தா?"

"சார்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"பேசிண்டிருங்கோ. காப்பி கலந்துண்டு வரேன்" என்று உள்ளே போனார்.

மாமியின் கணவர் ஹாலில் அழைப்புப் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். பையிலிருந்த துண்டை எடுத்து மஞ்சள் தடவிய பத்திரிகைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அது என்ன என்று கேட்கவில்லை. பக்கத்திலிருந்த செய்தித்தாளை எடுத்து அதன்மேல் மூடினார். அதிலேயே எனக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

"இதுல என்ன ஊத்துனீங்க சார்?"

"எனக்குத் தெரியாது."

"என் பொண்ணு நாலு நாளா இந்த மரத்துல நறுக்குன பழத்தத் தின்னுருக்கா. நேத்துலேர்ந்து வாந்தி. டாக்டர் மருந்து பேரக் கேக்கறாங்க. யார் ஊத்துனது, எதுக்கு ஊத்துனதுன்னு எனக்கு வேணாம். என்ன ஊத்துனதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. பில்டர் ஒருத்தன அனுப்பிச்சான். மரத்த வெட்ட ரெண்டு வருஷம் பர்மிஷனுக்கு அலைஞ்சேன், கெடைக்கல. கார் எறங்கற எடத்துல மரம் நிக்கறது. இந்த ஆத்த இடிச்சுக் கட்டினா பசங்களுக்கு ஆளுக்கொரு ஃபிளாட்... இவ ஊருக்குப் போயிருந்தப்போ..."

"அவனுக்குப் போன் போடுங்க."

"இப்பவா?"

"இப்பவே. ஸ்பீக்கர்ல."

அவர் விரல் இரண்டு முறை தவறான பேரைத் தொட்டது. மூன்றாவது முறை அந்த ஆள் எடுத்தான். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "இன்னா சார், மரம் பொழச்சிக்கிச்சா?" என்று சிரித்தான்.

"நீ அதுல என்ன ஊத்தினே? பேர் சொல்லு."

"வயலுக்கு அடிக்கிற களைக்கொல்லி சார். வேற இன்னா ஊத்துவாங்கோ? இரு, டப்பா வண்டிலதான் கீது." எழுத்துக் கூட்டிப் படித்தான். ஒரு பத்திரிகை உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். எழுதியது எனக்கே புரியவில்லை. மறுபடி எழுதினேன். டாக்டருக்குப் போன் செய்து படித்தேன்.

"சரி. பேர் கெடச்சதே பெருசு" என்றார் அவர். "அளவு கொஞ்சமாத்தான் போயிருக்கும். ஆனா நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன். ரத்தம் பாக்கட்டும். நீங்க நேரா அங்க வந்துடுங்க."

நான் எழுந்துவிட்டேன். அப்போது மாமியின் கணவர் என் வழியை மறித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அம்மா, இவகிட்ட சொல்லிடாதீங்கோ. ஒம்போது நாள்ல விசேஷம். வேற வேப்பம்பலகைல பண்ணிக் குடுத்துடுங்கோ. அதே மரம்னு இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போறது?"

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். நான் தலையாட்டப் போனேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. என் குழந்தையிடம் ஓட வேண்டும். வேறு வேம்பு நம்மிடம் இருந்தது. யாருக்கும் தெரியாது, யாருக்கும் கெடுதல் இல்லை, ஒரு நல்ல நாள் கெடாமல் இருக்கும். நெருக்கடி நேரத்தில் வருகிற தவறு எப்போதும் இப்படித்தான் வரும். நல்ல மனசோடு, நியாயமான குரலில், நாம் அவசரமாக எழுந்திருக்கும் நேரம் பார்த்து வரும்.

உள்ளேயிருந்து சொம்பு பானையில் முட்டும் சத்தம் கேட்டது. காப்பிக்குத் தண்ணீர் மொள்கிறார். பானைக்கு அடியில் இருப்பது அந்த வில்லை.

"சார், பானைக்கு அடியில இருக்கறது எதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தெரிந்திருக்கிறது. தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே என்றே சும்மா இருந்திருக்கிறார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன். "காப்பி வர்ற வரைக்கும்தான் என்னால நிக்க முடியும்."

மாமி தட்டோடு வந்தார். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னாச்சு?"

"வாசல் மரத்துக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். தரையைப் பார்த்துக்கொண்டே முடித்தார். "நான்தான் மருந்து வெக்கச் சொன்னேன்."

மாமி தட்டைக் கீழே வைத்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"எல காயறதேன்னு அரிசி களஞ்ச தண்ணிய தினம் கொண்டுபோய் ஊத்திண்டிருந்தேன்" என்றார். "ரெண்டு மாசம். நீங்க இந்த நாற்காலில உக்காந்துண்டு பாத்துண்டிருந்தேள்."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. நான் இரண்டு வரியில் ஜெனியைப் பற்றிச் சொன்னேன். கேட்டதும் மாமி உள்ளே போய், பானையைத் தூக்கித் தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்தார். வில்லையை ஒரு பழைய துணியால் பிடித்துக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நீங்க இன்னும் இங்க என்ன பண்றேள்? கொழந்தையண்ட போங்கோ" என்றார்.

ஜெனி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். வாந்தி முதல் நாளே நின்றுவிட்டது. பெரிய டாக்டர் கடைசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பலகையாலதான்னு சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. குழந்த நல்லா இருக்கா. சந்தோஷமா கூட்டிட்டுப் போங்க." கூட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நான் இன்னும் குடியிருக்கிறேன். அவளுக்கு இன்று பதினாலு வயது. வயிறு வலிக்கிறது என்று சொன்னால் காலையிலிருந்து என்னென்ன தின்றாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். பாதி நாள் அது கணக்குப் பரீட்சை வலிதான்.

அந்த இரண்டு நாளும் மாமி காலையும் மாலையும் போன் செய்தார். ஜெனியைப் பற்றி மட்டும் கேட்டார். பலகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பட்டறையில் இருபத்தொரு பலகையும் மிச்சக் கட்டைகளும் இருந்தன. எரித்தால் புகையில் என்ன வருமோ. குப்பையில் போட்டால், வழவழவென்று இழைத்த பலகையை யார்தான் எடுத்துப் போகமாட்டார்கள்? இனி யாரும் நறுக்க எடுக்காதபடி அண்ணன் ஒவ்வொரு பலகையாக எடுத்து நடுவில் துளை போட்டார். பத்து நாள் உழைப்பு. முகத்தில் துணி கட்டிக்கொண்டு போட்டார். கடைசிப் பலகையில்தான், "கோடு அழகா கீதுன்னு நான் சும்மா வாய மூடிக்கினு இருந்தேன் பாரு" என்றார். ரசாயனக் கழிவு வாங்குகிற இடம் கண்டுபிடித்து அவற்றை ஒப்படைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. என் வீட்டுக்குப் போன முதல் பலகைக்கும் துளை போட்டு அண்ணன் இந்தச் சுவரில் மாட்டினார். நீங்கள் பார்ப்பது அதுதான்.

கழிவு வண்டி வருவதற்கு முந்தின நாள் மாமி பட்டறைக்கு வந்தார். கையில் ஜெனிக்குத் திரட்டுப்பால்.

"விசேஷம் நடந்துதா மாமி?" என்று தயங்கித்தான் கேட்டேன்.

"நடந்துது. பசங்க டிக்கெட் எடுத்தாச்சு, மண்டபத்துக்குச் சொல்லியாச்சு. தாலியும் கட்டிண்டாச்சு. பேசறதுதான் இல்ல." பிறகு அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்து, "எனக்கு ஒண்ணு வேணும்" என்றார்.

அண்ணன் பதறிப்போனார். "மாமி, இது எதுக்கும் ஒதவாது. வெசம் மாமி."

"சமைக்கறதுக்கு யார் கேட்டா? ஹால்ல மாட்டறதுக்கு. அவர் நாற்காலிக்கு நேர் எதுத்தாப்ல. ஆணி மட்டும் நல்ல நீளமா குடுங்கோ."

அண்ணன் ஆணியோடு தன் சுத்தியலையும் கொடுத்தார். வாடிக்கையாளருக்கு அவர் தன் சுத்தியலைக் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதன் பிறகு நம் பதிவு நோட்டில் முதல் கட்டத்தின் தலைப்பை மாற்றினேன். முன்பு "என்ன மரம்" என்று இருக்கும். இப்போது "எப்படிச் செத்தது" என்று இருக்கிறது. நீங்கள் மூவரும் அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரியுங்கள், ஆனால் நிரப்பாமல் விடாதீர்கள். "தானா காஞ்சுது" என்று யாராவது சொன்னால் அதை எழுதாதீர்கள். அது பதில் இல்லை. அங்கிருந்துதான் நீங்கள் கேட்க ஆரம்பிக்க வேண்டும். ஒரு பாகத்தை விட்டுவிடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். மரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லி அவர் வாயை அடைக்காதீர்கள். அழகாக இருக்கிற எதையும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். அடிப்பட்டையைத் தடவிப் பாருங்கள். மரம் வைத்திருந்தவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நமக்கு ஒரு மரம் போகும், அவ்வளவுதான்.

அண்ணன் அந்த வீட்டுச் சோதனை வழக்கத்தையே விட்டுவிடலாம் என்றார். "இனிமே வூட்டுக்கு எடுத்துக்கினு போற வேலையே வாணாம் டீச்சர். புள்ளைங்க கீற வூடு." நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று முதல் பலகை என் வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால், முப்பது பலகையும் முப்பது வீட்டுக்குப் போயிருக்கும். அந்த வீடுகளிலும் மாம்பழச் சாற்றை வழித்து நக்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் யாருடைய அம்மாவுக்கும் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்றுகூடத் தெரிந்திருக்காது. என் வீட்டுக்குப் போகத் தகுதியில்லாத பலகையை இன்னொருத்தி வீட்டுக்கு அனுப்ப எனக்கு உரிமையில்லை. வழக்கம் இருக்கும் என்றேன். ஒரு விதி மட்டும் சேர்த்தோம். அந்த விதியைச் சொன்னது நானும் இல்லை, அண்ணனும் இல்லை.

அந்த வருட மழையில் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு புளியமரம் என் கண்ணெதிரே விழுந்தது. காற்று அதைப் பிடுங்கியதை, நனைந்துகொண்டு நின்று பார்த்தேன். அந்தக் கட்டையைக் கேட்டு வாங்கி, நன்றாகக் காயவைத்து, அடுத்த கோடையில் முதல் பலகை செய்தோம். அண்ணன் எடுத்துப்போகிறேன் என்றார். நான்தான் பிடிவாதமாக எடுத்துப்போனேன். சமையல் மேடையில் வைத்தேன். பையிலேயே திரும்ப வைத்துவிடலாமா என்று நினைப்பதற்குள் ஜெனி வந்துவிட்டாள்.

"இது எப்படிம்மா செத்துச்சு?"

"மழைல விழுந்துச்சு. நானே பாத்தேன்."

"யாரும் தள்ளி விடலயே?"

"காத்துதாண்டி."

ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக் கழுவினாள். பலகையில் வைத்து நான்காக நறுக்கினாள். முதல் துண்டை எடுத்துத் தன் வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். அதை என்னிடம் நீட்டினாள்.

"நீ மொதல்ல."

சாப்பிட்டேன். நான் மென்று விழுங்கும்வரை கண்ணெடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் தன் துண்டை எடுத்தாள்.

அதுதான் அந்த விதி. பலகை உங்கள் வீட்டுக்குப் போகும் நாளில் முதல் துண்டு உங்களுடையது. வீட்டிலுள்ளவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சாப்பிட வேண்டும். ஒரு குழந்தை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிம்மதியாக விழுங்க முடிகிற பலகையை மட்டும் செய்யுங்கள்.